தேயிலை மருந்தும் பன்னிரண்டு வீட்டுக் கோழிகளும்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். முதலில் முடியாது என்றுதான் சொன்னேன். ஓய்வு பெற்றவனைப் பேசச் சொன்னால் அவன் தன் சாமர்த்தியத்தைத்தான் கடை விரிப்பான். என்னிடம் அந்தச் சரக்கு அதிகம் இல்லை. கால்நடை ஆய்வாளராக இந்த மலையில் முப்பது வருடத்துக்கு மேல் ஏறி இறங்கியதில் முட்டி இரண்டும் தேய்ந்ததுதான் மிச்சம். சொல்லும்படியாக ஒரு தப்பு இருக்கிறது. அதைச் சொல்கிறேன் என்றேன். சரி என்று விட்டார்கள்.

கோழிக்கு எப்படி ஊசி போடுவது, தடுப்பு மருந்தை ஐஸ் உருகாமல் எப்படிக் கொண்டுபோவது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் கரைத்துப் புகட்டியிருப்பார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு மாலையில் பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நான் தலையை ஆட்டினேன். அதைப் பற்றித்தான் இது.

அப்போது எனக்கு வேலைக்கு வந்து மூன்றாவது வருடம். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே ஒரு கிளை நிலையம். நிலையம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓர் அறை, ஒரு மேசை, ஒரு பீரோ, அப்புறம் நான். எனக்கு மேலே குன்னூரில் ஒரு டாக்டர் இருந்தார். என் பொறுப்பில் நாலைந்து தேயிலை எஸ்டேட்டுகளும் சுற்றியிருந்த சிற்றூர்களும். நான் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரன். மாட்டைத் தெரியும், ஆட்டைத் தெரியும். குளிரில் குடித்தனம் செய்கிற கோழிகளை இங்கே வந்துதான் பார்த்தேன்.

அந்த எஸ்டேட்டுகளில் ஒன்றில் உச்சியில் ஒரு லைன். பன்னிரண்டு வீடுகள் ஒரே வரிசையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ரோட்டிலிருந்து ஒரு மணி நேர ஏற்றம். எனக்கு முன்னால் இருந்தவர் அங்கே ஏறியதே இல்லை. கீழே டீக்கடையில் உட்கார்ந்து ரெஜிஸ்டரை எழுதிவிட்டுப் போய்விடுவாராம். ரெஜிஸ்டரில் அந்த லைன் கோழிகள் எல்லாம் ஊசி போட்டுக்கொண்டு திடகாத்திரமாக இருந்தன. லைனிலோ வருடா வருடம் வெள்ளைக்கழிச்சல் வந்து கூண்டோடு வாரிக்கொண்டு போனது. நான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏறினேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் கழிச்சல் வரவில்லை. அந்த லைனில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. உங்களிடம் மறைப்பானேன், அந்த மரியாதை எனக்குப் பிடித்தும் இருந்தது.

அங்கே ராசையா என்று ஒருவர். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். மனைவி பாக்கியம் கொழுந்து பறிக்கப் போவார். ராசையாவுக்கு மருந்தடிக்கிற வேலை. தேயிலையில் சிவப்பாக ஒரு சிலந்திப் பூச்சி விழும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு பொடிசு. அதற்கு ஸ்டோரிலிருந்து மருந்து வாங்கி, முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக அடித்துக்கொண்டு போக வேண்டும். என்னைவிடப் பத்து வயது பெரியவர். நான் ஊசி போட ஏறும்போதெல்லாம் வீடு வீடாகக் கூட வந்து கோழி பிடித்துக் கொடுப்பார். அவர் கையில் கோழி கத்தாது.

அந்த லைனில் கோழி அடைக்கிற கூடு எது தெரியுமா? பழைய தேயிலைப் பெட்டி. பேக்டரியில் கழித்துப் போட்ட பலகைப் பெட்டி, ஓரமெல்லாம் தகரப்பட்டி அடித்தது. அதை வீட்டுக்குள்ளேயே அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். இந்தக் குளிருக்கு வெளியே விட்டால் கோழி விறைத்துப்போகும். கோழிக்குக் கதகதப்பான இடம். கோழிப்பேனுக்கு அதைவிட வசதியான இடம். தகரப்பட்டிக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் பகலெல்லாம் ஒளிந்திருந்துவிட்டு, இருட்டியதும் இறங்கி வந்து கோழியின் ரத்தத்தைக் குடிக்கும்.

ஆடி மாதம். சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அன்று ஒரு புதன்கிழமை. காலையில் வேறு எஸ்டேட்டில் ஒரு பசுவோடு மல்லுக்கட்டிவிட்டு, மத்தியானம் மேல் லைனுக்கு ஏறி, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊசி போட வருகிறேன் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், காலையில் பெட்டியைத் திறந்து விடாமல் வைத்திருப்பார்கள். ராசையா ரோடு வரைக்கும் கூடவே வந்தார். ஐந்தரை மணிக்குக் கடைசி பஸ். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பசி. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்று இருந்தது.

"ஐயா, கோழிப்பேன் தாங்க ஏலலைங்க" என்றார் ராசையா. "அடைகோழி முட்டைய வுட்டுட்டு எழும்பி ஓடுது. படுத்தா புள்ளைங்க மேலயும் ஊருது. அந்தப் பேன் பவுடரு எப்பங்க வரும்?"

"எழுதிப் போட்டிருக்குதுங்க ராசையா. வந்துரும்."

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க."

வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. நான் பையைத் தோளில் மாட்டினேன். பஸ் வந்து நின்றது. ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன்.

"ஐயா, ஸ்டோர்ல சிலந்திக்கு அடிக்கிற மருந்து கெடக்குது. அதுவும் பேனு மாதிரி ஒரு பூச்சிதானே? தண்ணி கூடக் கலந்து கோழிக்குக் கொஞ்சமா அடிச்சா என்ன?"

தலையை ஆட்டினேன்.

"அடிக்கலாங்களா ஐயா?"

"ம்" என்றேன். கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னலோரம் இடம் கிடைத்ததில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

நான் சொல்லியிருக்க வேண்டியது என்ன என்று உங்களில் பாதிப் பேருக்கு இப்போதே தெரிந்திருக்கும். பேன் பகலில் கோழி மேல் இல்லை, பெட்டியில் இருக்கிறது. பெட்டியை வெளியே எடுத்து, உள்ளே இருக்கிற வைக்கோலைக் கொளுத்தி, தகரப்பட்டி இடுக்கெல்லாம் கொதிக்கிற தண்ணீரை ஊற்ற வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாலு தடவை. கோழி புரள ஒரு மூலையில் அடுப்புச் சாம்பலைக் கொட்டி வைக்க வேண்டும். ஒரு பைசாச் செலவில்லை. விளக்கிச் சொல்லப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்கு நான் ஒரு பஸ்ஸை விட வேண்டியிருந்தது. விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்து, தடுப்பு மருந்து பிளாஸ்க்கோடு லைனுக்கு ஏறினேன். தூரத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. பெட்டியெல்லாம் திறந்து கிடந்தன. வாசலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கோழி உரித்துக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டு வீட்டில் அடுப்புப் புகைந்தது.

"கழிச்சல் வந்துருச்சுங்க ஐயா" என்றார் முதல் வீட்டு அம்மா. "நேத்து நல்லாத்தான் இருந்துச்சு. காலையில தொறந்தா பாதி செத்துக் கெடக்குது, பாதி தூங்குது. நீங்க ஒரு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா?"

தூங்குகிற கோழியை உயிர் போவதற்குள் அறுத்துக் குழம்பு வைப்பது லைன்களில் வழக்கம். வளர்த்தது வீணாகப் போகக் கூடாது. கழிச்சல் வந்த கோழியைத் தின்றால் மனுஷனுக்கு ஒன்றும் ஆகாது என்பது அவர்கள் பாட்டன் காலத்திலிருந்து தெரிந்த விஷயம்.

உயிரோடு இருந்த ஒரு கோழியைத் தூக்கிப் பார்த்தேன். வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. கழுத்து முறுக்கவில்லை. பின்பக்கம் சுத்தமாக இருந்தது, கழிச்சலுக்கு உண்டான பச்சை வெள்ளை எதுவும் இல்லை. கழிச்சல் ஒரே ராத்திரியில் பன்னிரண்டு வீட்டையும் சேர்த்து அடிக்காது. ஒரு வீட்டில் தொடங்கி, இரண்டு நாள் விட்டு அடுத்த வீட்டுக்குப் போகும். இறக்கையைத் தூக்கினேன். தேயிலைக் காட்டில் மருந்தடிக்கும்போது மூக்கில் ஏறுமே, அந்த நாற்றம்.

தலையை நிமிர்த்தினேன். ராசையா கடைசி வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கீழே குனிந்துகொண்டார். மனுஷன் நல்லெண்ணத்தில் பன்னிரண்டு வீட்டுக் கோழிக்கும் சனிக்கிழமை சாயங்காலம் மருந்தடித்திருக்கிறார். ஈரத்தோடு கோழியைப் பெட்டிக்குள் விட்டு மூடியிருக்கிறார்கள். ராத்திரி முழுக்க அதையே சுவாசித்துக்கொண்டு, ஒன்றையொன்று கோதிக்கொண்டு இருந்திருக்கின்றன. பேன் மருந்து என்பதற்கு மேல் வீட்டுக்காரர்களுக்கு எதுவும் தெரியாது; செத்தது அதனாலா கழிச்சலாலா என்று ராசையாவுக்கே நிச்சயமில்லை.

இந்த நேரம் பார்த்து எஸ்டேட் கண்டக்டர் வந்து சேர்ந்தார். பஸ் கண்டக்டர் இல்லை, தோட்டத்தில் வேலை வாங்குகிற அதிகாரியை அப்படித்தான் சொல்வார்கள். அவருக்குப் பங்களாவைப் பற்றிக் கவலை. அங்கே எஸ்டேட் மேனேஜர் துரை வீட்டில் வெள்ளைக் கோழிகள் வளர்த்தார்கள்.

"ஏனுங்க, கழிச்சல்தானுங்களே? அப்படீன்னு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் குடுத்துப்போட்டு, பங்களாக் கோழிக்கு ஊசி போட்டுருங்க. போதுமுங்க" என்றார்.

எவ்வளவு சுலபமான வழி என்று பாருங்கள். கழிச்சல் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். ராசையா தப்பித்தார், நான் தப்பித்தேன். கோழி செத்ததற்கு ஆண்டவன் பொறுப்பு. கண்டக்டர் எதிரில் மருந்து என்று சொன்னால், ஸ்டோர் மருந்தைத் திருடியவன் யார் என்ற கேள்வி வரும். எஸ்டேட்டில் வேலை போனால் வீடும் போகும். ஆனால் அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

முதலில் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்கிறேன். நடுவில் ஒரு சந்து இருக்கிறதா என்று பார்த்தேன். "இது புதுச் சீக்குங்க. யாரும் சாப்பிட வேண்டாம். புதைச்சிருங்க" என்று உரக்கச் சொன்னேன். கோழி உரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா சிரித்துவிட்டார்.

"முந்தி ஒருக்கா வந்தப்பவும் இதத்தான் சொன்னீங்க. நாங்க தின்னுட்டுத்தான் இருந்தோம். என்ன ஆச்சு?"

வாஸ்தவம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படிச் சொல்லியிருந்தேன். கழிச்சல் கோழியின் குடலையும் இறகையும் கண்ட இடத்தில் போட்டு நோயைப் பரப்புகிறார்களே என்று, தின்றால் உங்களுக்கே ஆபத்து என்று பயமுறுத்தி வைத்தேன். நல்லதுக்குத்தானே என்று நினைத்தேன். தேவையில்லாத இடத்தில் பயமுறுத்தியவன் பேச்சை, தேவைப்பட்ட அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜனங்களை மிரட்டுவது சுலபமாக இருக்கும், அதனாலேயே அதில் சிக்கனமாக இருங்கள்.

மூன்றாவது வீட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று, தணலில் சுட்ட ஈரலைக் கையில் வைத்து ஊதிக்கொண்டிருந்தது. ஈரல் எப்போதும் பிள்ளைகளுக்குத்தான், குழம்புக்கு முன்னால். அதைப் பார்த்ததும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

"மருந்து! சீக்கு இல்ல, மருந்து! தேயிலைக்கு அடிக்கிற மருந்து கோழி மேல இருக்குது!" என்று கத்தினேன். அந்தக் குழந்தையின் அம்மா கையில் ஓங்கி அடித்து ஈரலைத் தட்டிவிட்டார். குழந்தை வீறிட்டது. அப்புறம் வீட்டுக்கு வீடு சட்டி கவிழ்கிற சத்தம். யாரும் வாயில் வைத்திருக்கவில்லை. அது என் கெட்டிக்காரத்தனம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் எல்லோரும் தாமதமாக அடுப்புப் பற்ற வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

கண்டக்டரின் குரல் மாறிவிட்டது. "எந்த மருந்து? ஸ்டோர் மருந்தா? யார்றா கொண்டாந்தது?"

"நாந்தாங்க ஐயா" என்று ராசையா முன்னால் வந்தார்.

"யாரு சொல்லிக் குடுத்தா இதை?"

ராசையா என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லலைங்க. நானாத்தான் அடிச்சேன்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த நிமிடம் எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. நிம்மதி. வெட்கம் பிறகுதான் வந்தது, குழி தோண்டிக் கோழிகளைப் புதைக்கும்போது. ராசையாதான் தோண்டினார். நாற்பது கோழிக்கு மேல் இருக்கும். பாக்கியம் ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்துக் கொண்டுவந்து போட்டார். ராசையாவைக்கூட யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

திங்கட்கிழமை குன்னூர் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனுஷர், கை சுத்தம். என்னைக் கண்டபடி ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தலையாட்டினதுக்கு ரெஜிஸ்டர்ல கட்டம் கிடையாதப்பா. அந்த ஆளே சொல்லலைன்னா நீ எதுக்குச் சொல்லிக்கிட்டு?" என்றார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். இன்றைக்கும் அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த வார்த்தை மட்டும் தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

வியாழக்கிழமை கீழே டீக்கடையில் சேதி கிடைத்தது. ராசையாவை வேலையை விட்டு நிறுத்துகிறார்களாம். ஸ்டோரில் திருடியது ஒன்று, உயிருக்கு ஆபத்து விளைவித்தது இன்னொன்று. சங்கத்துக்காரர்களும் திருட்டு என்றால் நாங்கள் எப்படிப் பேசுவது என்று ஒதுங்கிவிட்டார்களாம். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு லைனுக்கு ஏறினேன்.

ராசையா வாசலில் உட்கார்ந்து தேயிலைப் பெட்டியை உடைத்துக்கொண்டிருந்தார், அடுப்புக்கு. என்னைப் பார்த்து எழுந்து நின்றார். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது.

"ஏனுங்க ராசையா, நாந்தான் சொன்னேன்னு நீங்க ஏன் சொல்லலை?"

அவர் கோடரியைக் கீழே வைத்தார். "நீங்க போயிட்டீங்கன்னா இந்த லயத்துக்கு யாரு ஐயா ஏறி வருவா? முன்னுக்கு இருந்தவரு முகத்த நாங்க கண்டதே இல்ல. எனக்கு ஏழெட்டு நாள் வேலை நிப்பாட்டுவாங்க, பொறுத்துக்கலாம்னு நெனச்சேன். இப்பிடி ஆகும்னு தெரியலைங்க."

என் மேல் இருந்த அன்பினால் என்று நீங்கள் நினைத்துவிட வேண்டாம். நானும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்து நெகிழ்ந்தேன். அவர் கணக்குப் போட்டிருக்கிறார். பன்னிரண்டு வீட்டுக்கு ஊசி போட ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நான். அவ்வளவுதான்.

உள்ளிருந்து பாக்கியம் வந்தார். அவருக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. "ஐயா, இவரு வாய தொறக்க மாட்டாரு. நீங்க போயி சொல்லுங்க. இந்தக் காம்பராவும் போச்சுன்னா நாங்க எங்க போறது? ஒரு கடலத் தாண்டி வந்தாச்சு. இன்னொரு கடலத் தாண்ட ஏலுமா?" என்றார். அங்கே ஒற்றை அறை வீட்டைக் காம்பரா என்பார்கள். அவர் அழவில்லை. கோழியைக் குழியில் போட்டபோது இருந்த அதே முகம்.

அங்கிருந்து நேராக எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். துரை என்னை உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன்.

"நீங்க சொன்னா ஸ்டோர்ல எடுத்தது திருட்டு இல்லைன்னு ஆயிடுமா?" என்று கேட்டார்.

"ஆகாதுங்க. ஆனா கோழி செத்ததுக்கு அவரு காரணம் இல்லீங்க. அது விஷமா, எவ்வளவு விஷம்னு அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியணும். அதுக்குத்தான் எனக்கு இந்த வேலைய குடுத்திருக்காங்க. என்னைய கேட்டாரு. நான் சரின்னேன்."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, "இதை எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?" என்றார். எழுதினேன். அந்தத் தாளின் நகல் குன்னூர் போய், அங்கிருந்து மேலே போய், ஒரு மாதத்தில் எனக்கு மெமோவாகத் திரும்பி வந்தது.

ராசையாவுக்கு வேலை நிலைத்தது. மருந்தடிக்கிற வேலையிலிருந்து எடுத்துக் கவ்வாத்துக்குப் போட்டார்கள், தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற வேலை. காம்பராவும் நிலைத்தது. எனக்கு மசினகுடிப் பக்கம் மாறுதல். கிளம்புவதற்கு முந்தின நாள் லைனுக்குப் போய், கொதிக்கிற தண்ணீரையும் சாம்பலையும் பற்றி அந்தப் பத்து நிமிடப் பேச்சைப் பேசிவிட்டுச் சொல்லிக்கொண்டேன். பாக்கியம் கையெடுத்துக் கும்பிட்டார். ராசையா மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை. "கெடுத்துட்டீங்க ஐயா" என்று ஒரே வார்த்தை.

அவர் சொன்னது பலித்தது. எனக்குப் பின்னால் வந்தவர் பழையபடி டீக்கடையோடு நின்றுவிட்டார். நானும் இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. அந்த லைனில் மறுபடி குஞ்சு வாங்கி, அவை வளர்ந்து முட்டையிடத் தொடங்கிய நேரத்தில் வெள்ளைக்கழிச்சல் வந்து அத்தனையும் போய்விட்டதாக யாரோ சொல்லிக் கேள்விப்பட்டேன். இந்தத் தடவை நிஜக் கழிச்சல். பன்னிரண்டு வீட்டிலும் குழம்பு வைத்திருப்பார்கள். உண்மையைச் சொன்னால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று உங்களுக்கு எழுத எனக்கும் ஆசைதான். ஒரு வீடு தப்பித்தது. பன்னிரண்டு வீட்டுக் கோழி போனது. மறுபடி அதே வியாழக்கிழமை வந்தால் அதே தாளில் அதையேதான் எழுதுவேன். ஆனால் ராசையாவின் கணக்கு தப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

இதற்குப் பிறகு வேலையில் எனக்கு ஒரு பேர் விழுந்தது. "அந்தாளா? ஒரு கேள்வி கேட்டா அரை மணி நேரம் பேசுவான், இல்லாட்டித் தெரியாதும்பான்." பேரை நான் மாற்றிக்கொள்ள முயற்சி செய்யவில்லை. களைப்பாக இருக்கும்போது யாராவது கேள்வி கேட்டால் கழுத்தைக் கெட்டியாக வைத்துக்கொள்வேன். சிரிக்காதீர்கள். நம் வேலையில் களைப்பு தினமும் இருக்கும். உங்களுக்கும் வரும். மத்தியானச் சாப்பாடு இல்லாமல், நனைந்த சட்டையோடு, கடைசி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கிறபோதுதான் ஜனங்கள் உண்மையான கேள்வியைக் கேட்பார்கள். அதுவரைக்கும் தயங்கிக்கொண்டே கூட வந்திருப்பார்கள்.

ஓய்வு பெற்ற மறுவருடம், குன்னூர் பஸ் ஸ்டாண்டில் கோயமுத்தூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். "ஐயா" என்று ஒரு குரல். ராசையா. தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் கட்டைப்பை, அதற்குள்ளிருந்து ஒரு கோழி தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மகள் வீட்டுக்குக் கொண்டுபோகிறாராம். பாக்கியம் சௌக்கியமா என்றேன். இருக்குது, முழங்கால்தான் ஏலலை என்றார். நாங்கள் பழைய பேச்சு எதுவும் பேசவில்லை. அவரே கோழியின் இறக்கையைத் தூக்கிக் காட்டினார். பேன் ஒன்றுகூட இல்லை. "சாம்பலுதாங்க" என்றார்.

பஸ் வந்துவிட்டது. கூட்டம். நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு படியில் ஒரு காலை வைத்தேன். பின்னாலிருந்து ராசையா சட்டைப் பையில் கையை விட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார்.

"ஐயா, ஆட்டுக்குப் பூச்சி மாத்திரையாம். கோழிக்கும் வயித்துல புழு கெடக்குது. இதுல பாதி ஒடச்சுக் குடுக்கலாங்களா?"

கண்டக்டர் விசில் அடித்தார். என் தலை பாதி வழி வந்துவிட்டது. நான் பொய் சொல்லவில்லை, அத்தனை வருடத்துக்குப் பிறகும் பாதி வழி வந்துவிட்டது. காலைக் கீழே எடுத்து வைத்தேன். பஸ் போய்விட்டது. மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டி, அட்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் படித்தேன். எங்கள் காலத்தில் வராத மாத்திரை. இந்த எடைக் கோழிக்கு எவ்வளவு என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

"தெரியலைங்க ராசையா" என்றேன். "டாக்டரைக் கேட்டுத்தான் சொல்லோணும். அதுவரைக்கும் குடுக்காதீங்க."

அவர் போன பஸ்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வாயெல்லாம் சிரித்தார். அந்த லைனில் நான் ஊசி போட்ட நாட்களில் பார்த்த சிரிப்பு.

"தெரியாதுன்னு சொல்றதுக்கா ஐயா பஸ்ஸ வுட்டீங்க?"

ஆமாம் என்றேன். அவர் கட்டைப்பையைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த பஸ் வரும் வரை என்னோடு நின்றார்.